தொண்ணூறு நாள் பை

இது எந்தக் காலத்துக் கதை என்று கேட்கக் கூடாது. தும்பை நாட்டில் அரண்மனையும் இருந்தது, பிளாஸ்டிக் பையும் இருந்தது. வீசிய பைகளெல்லாம் சேர்ந்து அல்லி ஏரியின் மதகை அடைத்துவிட்டன. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அரசர் மணிமார்பர் பைகளுக்குத் தடை போட்டார்.

மறுவாரமே பவளமுத்து என்ற வணிகர் சபைக்கு வந்தார். கையில் பளபளவென்று ஒரு பை. அதன்மேல் பச்சை எழுத்தில் 'மக்கும் பை' என்று அச்சிட்டிருந்தது.

"மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்தது, அரசே. தொண்ணூறே நாளில் மக்கி எருவாகிவிடும்."

"அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் வீசலாமா?"

வணிகர் அழகாகச் சிரித்தார். அரசர் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு, நாடெங்கும் இனி இந்தப் பைதான் என்று ஆணை எழுதச் சொன்னார்.

அரசருக்கு யோசனை சொல்லும் வேம்பையனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"மதகு மறுபடியும் அடைபடும், அரசே. முதலில் ஒரு பையை ஏரியில் போட்டுப் பார்க்கலாமே."

"உனக்கு எதிலும் சந்தேகம்தான்" என்றார் அரசர். "சரி, பார்ப்போம். இது மக்குகிற பைதான் என்றால் நீ நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

"போகிறேன், அரசே."

தொண்ணூறாம் நாள் பையை ஏரியிலிருந்து எடுத்தார்கள். மேலே கொஞ்சம் பாசி. துடைத்ததும் புதுப்பை. எழுத்துகூட மங்கவில்லை. உள்ளே ஒரு கெண்டைக்குஞ்சு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

வேம்பையன் நிம்மதியாக மூச்சு விட்டான். பவளமுத்து அசரவில்லை.

"மக்கும் என்றேன். ஏரியில் மக்கும் என்றேனா? அதற்கென்று ஒரு எருக்குழி வேண்டும். கை வைக்க முடியாத சூடு வேண்டும். ஈரம் வேண்டும். வேளாவேளைக்குக் கிளறிவிட ஆள் வேண்டும். அப்போது தொண்ணூறே நாள்."

"அந்தக் குழி நம் நாட்டில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் அரசர்.

"குழி வெட்டுவது என் வேலை இல்லையே, அரசே. குழியில் போட்டால் இது மக்குகிற பைதான். வேம்பையன் கிளம்பலாம்."

அரசர் தாடியை வருடினார். சொல்லளவில் அது சரியாகத்தான் இருந்தது.

"வேறு வழியில்லை, வேம்பையா. வாக்கு வாக்குதான்."

வேம்பையன் வணிகரைப் பார்த்தான். அதே அழகான சிரிப்பு. உடனே அவனும் சிரித்தான்.

"நானும் போகிறவன்தான், அரசே. ஆனால் அதற்கென்று ஒரு சூழ்நிலை வேண்டும். பல்லக்கு வேண்டும். தூக்க எட்டுப் பேர் வேண்டும். எல்லை வரைக்கும் பந்தல் வேண்டும். வேளாவேளைக்கு நெய்ச்சோறு வேண்டும். அப்போது தொண்ணூறே நாளில் போய்விடுவேன்."

"இல்லாவிட்டால்?"

"ஏரியில் கிடந்த பை மாதிரி இங்கேயேதான் கிடப்பேன். பந்தல் போடுவது என் வேலை இல்லையே."

அரசர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "நீ எங்கேயும் போக வேண்டாம். அப்படியானால் இது கெட்ட பையா?"

"நல்ல பைதான், அரசே. பழைய பை மாதிரி பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயில் செய்ததல்ல. குழியில் போட்டால் செடிக்கு எரு. வெளியே வீசினால் இதுவும் மதகைத்தான் அடைக்கும். மக்கும் என்று எழுதியிருப்பதால் கூசாமல் வீசுவார்கள். போதாததற்கு, தின்கிற கிழங்கையும் பையே தின்றுவிடும்."

"வணிகரே" என்றார் அரசர். "ஊருக்கு ஒரு குழி வெட்டும். விற்கிற பையையெல்லாம் நீரே பொறுக்கிக் குழியில் போடும். குழி தயாராகும் வரை எங்களுக்குத் துணிப்பை போதும்."

பவளமுத்துவின் சிரிப்பு காணாமல் போனது. "பையில் எழுதியிருப்பது பொய் இல்லையே" என்று முனகினார்.

"பொய் இல்லை" என்றான் வேம்பையன். "அச்சில் நடுவே மூன்று எழுத்து விட்டுப்போயிற்று. 'மக்கு வாங்கும் பை' என்று இருந்திருக்க வேண்டும்."

அரசர் சிரிக்க வாயைத் திறந்தார். நாடு முழுவதற்கும் வாங்க இருந்தது யார் என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டார்.