முதலைப் பலகையில் கரடியின் முகம்

ஒரு காட்டுக் குளத்தில் புதிதாக ஒரு முதலை குடிவந்தது. அதை முதலில் பார்த்தது ஒரு புள்ளிமான். அதற்கு அப்போதுதான் நடக்கப் பழகிய குட்டி ஒன்று இருந்தது. அதனால் எந்த ஆபத்தையும் அந்தத் தாய்தான் முதலில் பார்க்கும்.

மான் காட்டுத் தலைவரான கரடியிடம் ஓடியது.

“அண்ணே, குளத்துல முதலை. குட்டிங்க தெரியாம இறங்கிடும். ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கணும்.”

“வெச்சிட்டாப் போச்சு,” என்றது கரடி.

காட்டில் படம் வரைவது மயிலின் வேலை. தண்ணீரை ஒட்டிப் பெரிய பலகை ஒன்றை நட்டு, வாயைப் பிளந்த முதலையை அதில் வரைந்தது. கரடி வந்து பார்த்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா யார் வெச்சாங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?”

மயில் முதலையைச் சிறிதாக்கி, மேலே கரடியின் முகத்தை வரைந்தது. கும்பிட்ட கைகளோடு.

காட்டுப்பன்றி வந்தது. “பலகையைத் தூக்கிட்டு வந்தது நானு. என் மூஞ்சி எங்கே?”

நரி வந்தது. “நான் ஒண்ணும் செய்யல. ஆனா பன்றி இருக்கிற இடத்துல நான் இல்லைன்னா ஊர் தப்பாப் பேசும்.”

இரண்டு முகங்களும் ஏறின. மிச்ச இடத்தைச் சும்மா விட மயிலுக்கு மனம் வரவில்லை. கொடியும் பூவும் இலையுமாக நிரப்பியது. முதலை மூலைக்குப் போனது. பச்சை இலைகளுக்கு நடுவே பச்சை முதலை.

“முதலை எங்கே?” என்று கேட்டது மான்.

“நரியோட காதுக்குக் கீழே பாரும்மா.”

“அது வெண்டைக்காய் மாதிரி இருக்கு.”

“கிட்டப் போய்ப் பார்த்தா தெரியும்,” என்றது மயில்.

குளத்துக்குள்ளிருந்து முதலையும் பார்த்தது. “இன்னும் கொஞ்சம் பூ போடலாம்,” என்றது.

போட்டார்கள்.

திறப்பு விழாவில் கரடி பேசிக்கொண்டே இருந்தது. மான்குட்டி தாயிடமிருந்து நழுவிப் பலகையிடம் ஓடியது.

“அம்மா, யாருக்குக் கல்யாணம்?”

கேட்டுக்கொண்டே இன்னும் கிட்டப் போனது. தண்ணீர் பிளந்து முதலை எழுந்தது! மான் பாய்ந்து குட்டியை முட்டித் தள்ளியது. முதலைக்குக் கிடைத்தது குட்டியின் வால் மயிர் கொஞ்சம்தான்.

கரடி உரையை முடித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

மான் பலகையைச் சாய்த்து, குளத்துக்கு வெகு முன்னால், பாதை திரும்பும் இடத்துக்கு இழுத்துவந்து நிறுத்தியது. அதன்மேல் முழுக்க வெள்ளை மண்ணைக் குழைத்துப் பூசியது. காய்ந்ததும் கரிக்கட்டையைக் கவ்வி, பிளந்த வாய் ஒன்றைப் பெரிதாக வரைந்தது. பற்களுக்கு நடுவே ஒரு சின்னக் கால். வேறொன்றும் இல்லை.

கரடி இறங்கி வந்தது. “என் முகத்தை அழிச்சிட்டியா?”

“ஆமாண்ணே.”

“பன்றி மூஞ்சியையுமா?”

“அதையும்தான்.”

கரடிக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. “இவ்வளவு இடம் வெறுமனே கிடக்குதேம்மா. ஓரமா, சின்னதா…”

“கிடக்கட்டும்ணே.”

“அழகாவே இல்ல,” என்றது மயில்.

“அழகா இருந்துச்சு. அதான் என் பிள்ளை கிட்டப் போச்சு.”

அப்போது அடுத்த காட்டின் எருமைக் கன்றுகள் தாகத்தோடு ஓடிவந்தன. இந்தக் குளத்தைப் பற்றி அவற்றுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முதல் கன்று திருப்பத்தில் பலகையைக் கண்டு சட்டென்று நின்றது. பின்னால் வந்தவை அதன்மேல் மோதி நின்றன. பிறகு எல்லாம் ஓடைப் பக்கம் திரும்பின.

கரடி அந்தக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. தன் முகத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

ஆபத்தைச் சொல்லும் இடத்தில் ஆபத்து மட்டுமே பெரிதாகத் தெரிய வேண்டும். அங்கே நம் பெருமைக்கும் பூவுக்கும் இடம் கொடுத்தால், பலியாவது பிள்ளைகள்தான்.