ஸ்டூலுக்குக் கட்டம் இல்லை

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாவு மில் இருந்தது. அதற்குள் ஒரு பெல்ட்டும் ஒரு ஸ்டூலும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து வந்தன. பெல்ட் நாள் முழுக்க ஓடும். ஸ்டூல் நாள் முழுக்க நிற்கும். அதனால் இரண்டுக்கும் பேசிக்கொள்ள நிறைய நேரம் கிடைத்தது.

மில்லின் முதலாளி தங்கமாரியப்பன். அங்கே வேலை பார்க்கிறவள் ராக்கினி ஒருத்திதான். அரவை எந்திரத்தின் வாய் அவள் தலைக்கு மேலே இருந்தது. தானியத்தைக் கொட்ட வேண்டுமானால் ஸ்டூலில் ஏறியாக வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை ஏறுவாள், அறுபது தடவை இறங்குவாள். ஏறும்போதெல்லாம் கையில் ஒரு டின் இருக்கும்.

ஸ்டூலின் நான்கு கால்களில் ஒன்று கொஞ்சம் குட்டை. அந்தக் காலிலேயே ஒரு விரிசலும் இருந்தது. மாவு படிந்து மூடிவிட்டதால் வெளியே தெரியாது. ராக்கினி மேலே ஏறியதும் ஸ்டூல் பெல்ட் ஓடும் பக்கமாக ஒரு ஆட்டம் ஆடும். அந்த நேரத்தில் அவள் சேலைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருக்கும்.

“என்னைக்காவது இவளை எங்கிட்ட தள்ளிவிடப் போற,” என்று பெல்ட் சொல்லும். “எனக்கு நிக்கத் தெரியாது. வர்றது துணியா கையான்னு பாக்கவும் தெரியாது. சொல்லிட்டேன்.”

“தெரியும். அதை நினைச்சுத்தான் காலை இறுக்கிக்கிட்டு நிக்கிறேன்,” என்று ஸ்டூல் சொல்லும்.

பெல்ட்டுக்கென்று ஒரு கம்பிவலை மூடி இருந்தது. மாட்டினால் சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றி வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அரைக்க வருகிறவர்கள் அதன் மேல் பை வைத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு புது உத்தரவு வந்தது. சிறிய கடை, சிறிய பட்டறை எதுவானாலும், அங்கே என்னென்ன ஆபத்து இருக்கிறது, யாருக்கு அடிபடலாம், அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

தங்கமாரியப்பன் மில்லைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

“உங்களுக்கு என்ன கடைண்ணே?” என்று கேட்டான் கடைக்காரன்.

“மாவு மில்லு.”

“பேரை மட்டும் மாத்திடறேன். பேக்கரிக்கும் இதான், சலூனுக்கும் இதான்.”

“டிக்கெல்லாம் நான் போடணுமா?”

“அதெல்லாம் போட்டேதாண்ணே வரும்.”

அப்படிச் சூடாகப் பிறந்து வந்தது அந்தத் தாள். காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் குத்தி மாட்டினார்கள். அதன் தோரணையைப் பார்த்து ஸ்டூலுக்கே மரியாதை வந்துவிட்டது.

“ஐயா, இங்க இருக்கிற ஆபத்தையெல்லாம் எழுதப் போறது நீங்கதானா?”

“எழுதி முடித்தாயிற்று,” என்றது தாள்.

“எப்பங்க பாத்தீங்க?”

“பார்க்க வேண்டிய அவசியம் எழவில்லை. தீ: மணல் வாளி உண்டு. மின்சாரம்: சரி. ஓடும் பாகங்கள்: மூடி உண்டு. ஏறி நிற்கும் இடம்: உறுதியானது.”

பெல்ட் ஓடிக்கொண்டே சிரித்தது. “என் மூடி வாசல்ல பை சுமக்குதுய்யா!”

“மூடி உண்டா என்பதே கேள்வி. எங்கே என்பது கேள்வி அல்ல.”

ஸ்டூல் தயங்கித் தயங்கிச் சொன்னது: “நான் உறுதி இல்லீங்க. என் கால்ல விரிசல் இருக்கு. ஒரே ஒரு வரி சேத்துக்குங்க. ஸ்டூல் ஆடும், ராக்கினி விழுவா. அவ்வளவு போதும்.”

“உனக்குக் கட்டம் இல்லை. இருப்பது பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டிலும் டிக் விழுந்துவிட்டது.”

“ஓரத்துல கொஞ்சம் வெள்ளையா இடம் தெரியுதே?”

“ஓரம் அழகுக்காக விடப்பட்டது,” என்று சொல்லிவிட்டுத் தாள் காற்றில் ஒரு தடவை படபடத்தது.

தீபாவளி நெருங்கியது. முறுக்கு மாவுக்கும் அதிரச மாவுக்கும் வாசல் தாண்டி வரிசை நின்றது. அறுபது தடவை ஏறினவள் நூறு தடவை ஏற வேண்டியதாயிற்று.

“அண்ணே, ஸ்டூலு ரொம்ப ஆடுதுண்ணே,” என்றாள் ராக்கினி.

“இந்த சீசன்ல ஆசாரிக்கு எங்கே போவேன்? தீபாவளி கழியட்டும், புதுசே வாங்கிடலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நீ ஆடாம ஏறு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராக்கினியும் சிரித்துவிட்டு ஏறினாள். அந்தத் தடவை ஸ்டூல் பலமாக ஆடி, டின்னில் இருந்த அரிசி பாதி தரையில் கொட்டியது.

“ஏய், என்னம்மா இது! இட்லி அரிசியா இது? ஊற வச்சு உலர்த்தின அரிசி!” என்று அரிசிக்காரம்மா கத்தினாள். “என்னங்க மில்லு நடத்துறீங்க? எதிர்த்த தெரு மில்லுக்கே போயிருக்கலாம்.”

தங்கமாரியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். கைக்கு எட்டியது ஆணியில் இருந்த தாள்தான். அதை எடுத்து நாலாக மடித்து, எட்டாக மடித்து, பிறகு இன்னும் ஒரு மடிப்பு மடித்து, ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் திணித்தார். கையால் ஆட்டிப் பார்த்தார். ஸ்டூல் அசையவில்லை.

“இப்ப ஏறு,” என்றார். “பரவாயில்லையே, எதுக்காச்சும் உதவுதே!”

“என்ன அவமரியாதை! என்னை வெளியே எடுங்கள்! நான் அலுவலக ஆவணம்!” என்று தாள் கத்தியது. அதற்குள் ராக்கினி டின்னோடு மேலே ஏறிவிட்டாள். தாளுக்கு மூச்சு நின்றுபோனது.

அவள் இறங்கிய பிறகு அது மெதுவாகக் கேட்டது: “என்ன இது, இவ்வளவு கனம்?”

“ராக்கினியும் ஒரு டின் அரிசியும்,” என்றது ஸ்டூல்.

“இன்னொரு தடவை ஏறுவாளா?”

“இன்னைக்கு மட்டும் இன்னும் எழுபது தடவை.”

முதல் நாள் தாள் வலியைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள், அவள் ஏறும்போதெல்லாம் தலைக்கு மேலே மெல்லியதாக ஒரு ‘நொறுக்’ கேட்பது அதற்குத் தெரிந்தது. விரிசல் பேசும் சத்தம் அது. ஐந்தாம் நாள் அந்தச் சத்தம் கொஞ்சம் பெரிதானதும் தெரிந்தது. அவள் எந்தக் காலை முதலில் வைப்பாள், அவசரத்தில் எந்தப் பக்கம் சாய்வாள், சேலைத் தலைப்பு எப்போது அவிழ்ந்து தொங்கும், எல்லாம் அதற்கு அத்துப்படி ஆகிவிட்டது.

“நீ சொன்னப்பவே எழுதியிருக்கணும்,” என்றது ஒருநாள். அதன் பேச்சே மாறிப் போயிருந்தது. “என்னை விரிச்சா இப்பவும் எழுதிக்குவேன்.”

“விரிக்க வேண்டாம்யா. நீ இப்படியே இரு. அது போதும்,” என்றது ஸ்டூல்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அதிகாரி வந்தார். அன்று மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார்.

“அந்த ஆபத்துத் தாள் எழுதி வச்சிருக்கீங்களா?” என்றார் தும்மலுக்கு நடுவே.

“இருக்கு சார், ரெடியா இருக்கு,” என்ற தங்கமாரியப்பன் உள்ளே ஓடி, ஸ்டூலைச் சாய்த்துத் தாளை உருவினார். மாவைத் தட்டி, விரித்து, வேட்டியில் தேய்த்துக் கொடுத்தார்.

“ஏன் இவ்வளவு மடிப்பு?”

“பத்திரமா வச்சிருந்தேன் சார்.”

அதிகாரி படித்துப் பார்த்தார். பன்னிரண்டு டிக்கும் சரியாக இருந்தன. “நல்லா இருக்கு. இது ஆபீஸ்ல இருக்கட்டும்,” என்று பைக்குள் வைத்தார்.

“வேண்டாம்! என்னை எடுத்துட்டுப் போகாதீங்க! முதல்ல அங்க வேற ஏதாவது வைங்க!” என்று தாள் அலறியது. தாள் பேசுவது மனிதர் காதில் எங்கே விழுகிறது! பையின் ஜிப் மூடிக்கொண்டது. அதிகாரி தும்மிக்கொண்டே போய்விட்டார்.

“அண்ணே, கீழ வேற ஏதாச்சும் வைங்கண்ணே,” என்றாள் ராக்கினி.

“வைக்கிறேன். அந்த ஒரு டின்னைக் கொட்டிட்டு இறங்கு. கூட்டம் நிக்குது பாரு.”

“அக்கா, சீக்கிரம்க்கா, பஸ்ஸு போயிரும்,” என்றது வரிசை.

ராக்கினி ஏறினாள். ஸ்டூல் பெல்ட் பக்கமாக ஆடியது. விரிசல் வாய் திறந்தது.

“ஐயோ, எங்கிட்ட வேண்டாம்!” என்றது பெல்ட்.

இத்தனை நாள் விழாமல் இருக்கப் பாடுபட்ட ஸ்டூல், இப்போது எந்தப் பக்கம் விழுவது என்பதை மட்டும் பார்த்தது. மிச்சமிருந்த மூன்று கால்களையும் தரையில் ஊன்றி, உடம்பைச் சுவர்ப் பக்கமாக முறுக்கியது. குட்டைக் கால் இரண்டாகப் பிளந்தது. ராக்கினி சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். சேலைத் தலைப்பின் நுனி பெல்ட்டில் உரசிவிட்டு விலகியது. மிளகாய் அவள் மேலெல்லாம் கொட்டியது.

இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. தீபாவளியன்று அவள் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். உடைந்த ஸ்டூல் மில்லுக்குப் பின்னால் விறகோடு கிடந்தது.

விஷயம் அலுவலகத்துக்கு எட்டியதும் அதிகாரி அலமாரியைத் திறந்து தாளை எடுத்துப் பார்த்தார். ஏறி நிற்கும் இடம் உறுதியானது என்று அதில் இருந்தது. ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி எழுதி, கூடவே வைத்து மூடிவிட்டார்.

அலமாரிக்குள் மில் தாளுக்கு ஒரு பக்கம் பேக்கரியின் தாள், மறுபக்கம் சலூனின் தாள்.

“அட, என்னய்யா உன் கோலம்!” என்றது பேக்கரித் தாள். “மேலெல்லாம் மடிப்பு, நடுவுல ஒரு பள்ளம். ஒரு சுவத்துல ஒழுங்காத் தொங்கத் தெரியாதா? என்னைப் பாரு, லேமினேஷன் பண்ணி வச்சிருந்தாங்க.”

“அது ஸ்டூல் காலு அழுத்தின தடம்,” என்றது மில் தாள். “பதினோரு நாள் அதுக்கு அடியில கிடந்தேன்.”

“காலுக்கு அடியிலயா? வெளியில சொல்லாதே, கேவலம்!” என்று இரண்டு பக்கத்துத் தாள்களும் சிரித்தன.

மில் தாள் கோபப்படவில்லை.

“அந்த மில்லுல நான் வேலை பாத்தது அந்தப் பதினோரு நாள்தான்,” என்றது.