இரண்டு முறை வந்த இருபத்தைந்து

கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். நடுவில் ஒரு வரியை விட்டாலும் விடை நழுவிவிடும்.

ஜப்பானிலிருந்து கனடாவின் வான்கூவருக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சரக்குக் கப்பல். அதன் அடுப்படியில் மூன்று பேர், மூவரும் நம்மவர்கள். தலைமைச் சமையல்காரர் மணப்பாடு பாக்கியநாதன். அவருக்கு அடுத்தவன் நாகர்கோவில் ஜெயசீலன். பரிமாறி, தட்டுக் கழுவி, எல்லாருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவர் தொண்டிக்காரர் சந்தியாகு.

பாக்கியநாதனின் மகள் ஸ்டெல்லா இருப்பது வான்கூவரில். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பத்தேழு நாள். போனில் பார்த்ததோடு சரி. "தலை நிக்கதுக்குள்ள ஒருக்கா கையில வாங்கிப்புடணும்" என்று வெங்காயம் உரிக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் கப்பல் அங்கே நிற்பது ஒரே நாள். அடுப்படியிலிருந்து ஒருவர்தான் கரை இறங்கலாம்.

யார் இறங்குவது என்பதற்குக் கம்பெனி விதி ஒன்று உண்டு. கேப்டன் வர்கீஸ் அதைச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டியிருந்தார்: 'பண்டிகை விடுமுறையன்று வேலை பார்த்து, அந்த விடுமுறையை இழந்தவருக்கு ஈடாக அடுத்த துறைமுகத்தில் ஒரு நாள் கரை விடுப்பு.'

கிறிஸ்துமஸ் வந்தது. சமைக்கிறவர்கள் இருவரில் ஒருவருக்கு ஓய்வு.

"நான் பாத்துக்கிடுதேன், நீ போய்ப் படு" என்றார் பாக்கியநாதன்.

ஜெயசீலன் சிரித்தான். "பேத்தியப் பாக்கணும்னு நேரா சொல்லுங்க அண்ணாச்சி. அந்த ஊரு மலையில பனி கெடக்காம். ஒரு பிடி அள்ளிப் பாக்கணும்னு எனக்கும்தான் ஆசை. போகட்டும், நீங்களே இறங்குங்க."

இருபத்திரண்டு பேருக்குப் பிரியாணி. பாக்கியநாதன் ஒற்றை ஆளாகக் கிண்டி இறக்கினார். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரிடம் சந்தியாகு இஞ்சி டீ நீட்டினார். நீட்டிய விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

மறுநாள் காலை, வழக்கம்போல அடுப்படி நாட்காட்டியில் இருபத்தைந்தாம் தேதித் தாளைக் கிழித்தார் பாக்கியநாதன். பின்னாலேயே வந்த கேப்டன் தலையை ஆட்டினார்.

"திருப்பி ஒட்டுங்க பாக்கியம். இன்னிக்கும் இருபத்தஞ்சுதான்."

பசிபிக் நடுவே தேதிக்கோடு என்று ஒன்று இருக்கிறதாம். கிழக்கே போகும் கப்பல் அதைத் தாண்டினால் அதே தேதி இன்னொரு தடவை வருமாம். இருபத்தைந்து என்றால் விடுமுறை. ஆக, இன்றும் கிறிஸ்துமஸ்.

பாக்கியநாதன் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாளை ஒட்டினார். முப்பது வருஷமாகக் கிழித்த தாளில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"நேத்து நான் படுத்தேன், இன்னைக்கு நீங்க படுங்க" என்று ஜெயசீலன் அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

மேல்தளத்தில் போய் நின்றார். கோடு எங்கே? தண்ணீரில் ஒரு கீறல்கூட இல்லை. நேற்றைய அதே நீலம், அதே அலை. மணப்பாட்டில் அவர் மனைவிக்கு இருபத்தாறு பிறந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கோ இன்றுதான் கிறிஸ்துமஸ். நேற்று அவர் சமைத்துச் சாப்பிட்டு முடித்த பண்டிகை, மகள் வீட்டில் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. போன நாளைத் திருப்பிக் கொடுக்கிற கடல் இவ்வளவு அமைதியாகவா கிடக்கும்? சந்தியாகு ஈரக் கையோடு டீ கொண்டுவந்து வைத்ததையும் கவனிக்காமல் அப்படியே நின்றார். டீயில் ஆடை படிந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெயசீலன் பேச்சை எடுத்தான்.

"அண்ணாச்சி, கிறிஸ்துமஸுக்கு நானுந்தானே வேலை பாத்தேன். அப்போ கரை விடுப்புல எனக்கும் பாத்தியதை இருக்குல்லா?"

"மொதல்ல வந்ததுதாம்ல நெசம். ரெண்டாவது வந்தது நகலு."

"நகலா? வடை சுட்டதுல கையில கொப்புளம் வந்துருக்கு, பாருங்க. இதும் நகலா?"

பாக்கியநாதன் பேத்தியின் படம் இருந்த போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு கேப்டனிடம் போனார். ஜெயசீலனும் கூடப் போனான். சந்தியாகு மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் இருவர் சொன்னதையும் கேட்டார். கதவில் ஒட்டிய விதியை எழுந்துபோய் ஒரு தடவை வாசித்தார். திரும்பி வந்து, அந்த நாள் யாருக்கு என்று ஒரே வார்த்தையில் சொன்னார்.

கதை இங்கே நிற்கட்டும். நீங்கள் சொல்லுங்கள்: வான்கூவரில் கரை இறங்கும் அந்த ஒரு நாள் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: சந்தியாகுவுக்கு. வேலை பார்த்தால் மட்டும் போதாது, விடுமுறையை இழந்திருக்கவும் வேண்டும் என்கிறது விதி. பாக்கியநாதனும் ஜெயசீலனும் ஆளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் உழைத்து, ஒரு கிறிஸ்துமஸ் ஓய்ந்தார்கள். இருவரும் எதையும் இழக்கவில்லை. இரண்டு நாளும் கை ஈரம் காயாமல் நின்றவர் ஒருவர்தான். இரண்டு முறை வந்தும் பண்டிகை கிடைக்காதவர் அவர். பாக்கியநாதனுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் ஒரு தடவை யோசித்துவிட்டு, "சரிதான்" என்றார். வான்கூவரில் இறங்கிய சந்தியாகு முதலில் மாதா கோயிலுக்குப் போய் மண்டியிட்டார். பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார். கரை இறங்குவதையே நினைத்துக்கொண்டிருந்த இருவருக்கும், கரையிலிருந்து ஆள் கப்பலுக்கு ஏறி வரலாம் என்பது தோன்றவே இல்லை. கேப்டன் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் ஏணிப்படியில் சந்தியாகு முன்னால் வந்தார், கையில் டிபன் டப்பா நிறையப் பனி. ஜெயசீலன் மூடியைத் திறந்தபோது பாதி தண்ணீராகியிருந்தது. மீதியை அள்ளினான். பின்னால் வந்த ஸ்டெல்லா துணிப்பொதியை அப்பாவின் கையில் வைத்தாள். குழந்தைக்குத் தலை இன்னும் நிற்கவில்லை.