அழுக்குப் பனிக்கு மெழுகு

எங்கோ வடக்கே, வருஷத்தில் ஏழு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு கணவாய். அதற்கு இந்தப் பக்கம் ஒரு மடம், அந்தப் பக்கம் முப்பது வீட்டு ஊர். ஊருக்கு மருந்து வேண்டுமென்றால் மடத்தில் இருப்பவர்கள்தான் காலில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு போய்க் கொடுத்து வர வேண்டும்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். தன் பலகைக்குத் தானே மெழுகு போடக் கூடாது. கூடப் போகிறவன்தான் போட வேண்டும். வழுக்கினாலும் நின்றாலும் அவன் கைவேலை. என் உயிர் உன்னிடம், உன் உயிர் என்னிடம் என்று வைத்திருந்தார்கள்.

மடத்தில் பல்தனும் நவாங்கும் அப்படி ஒரு ஜோடி. பல்தன் பலகைக்கு நவாங் போடுவான், நவாங் பலகைக்குப் பல்தன். பதினோரு குளிர்காலம் அப்படியே போயிற்று. தை மாதம் ஒருநாள் கணவாய்ச் சரிவில் பனி இடிந்து விழுந்தது. பல்தன் வந்து சேர்ந்தான். நவாங் வரவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பல்தன் யாரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியாகப் போய்வந்தான்.

இப்போது பங்குனி. வெயில் ஏறிவிட்டது. பனி நசநசவென்று ஈரமாகி, காற்று கொண்டுவந்து போட்ட புழுதியும் கரியும் மேலே படிந்து, எரிந்து முடிந்த இடம் மாதிரிக் கிடந்தது.

ஒரு மத்தியானம் பல்தன் பலகைகளைத் தூக்கிக்கொண்டு மெழுகறைக்கு வந்தான். அங்கே பொறுப்பு யாங்சென் என்ற துறவி. மெழுகு வேலையை எல்லோரும் அவளிடம்தான் கற்றார்கள். பல்தனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான். நான் பிறக்கும் முன்பே பெற்ற பிள்ளை இவன் என்று அவளும் கேலி பேசுவாள்.

அன்று கேலி பேசவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

ஊரில் நாலு குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னான். காலையில் மருந்தோடு கிளம்ப வேண்டும். சரிவில் வெயில் விழுவதற்குள் தாண்டிவிட வேண்டும், விழுந்துவிட்டால் பனி எப்போது இடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று தடவையாகச் சரிவின் நடுவில் பலகை நின்றுவிடுகிறது. மூன்று தடவையும் ஒரே இடம். போன முறை காலைப் பிய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து திரும்பினால், நின்ற இடத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை நின்றால் தப்ப மாட்டேன், அம்மா. நல்ல மெழுகாகப் பார்த்துச் சொல்லுங்கள்."

"எப்படி நிற்கிறது?"



"கீழேயிருந்து பிடிக்கிற மாதிரி."

"கல் ஏதாவது இருக்கும்."

"கல் இப்படிப் பிடிக்காது. யாருடைய கால் என்று தடவிப் பார்த்துவிட்டுப் பிடிக்கிறது."

யாங்சென் ஒரு பலகையை வாங்கி மேசையில் கவிழ்த்துப் போட்டாள். என்ன மெழுகு என்று கேட்டாள். ஈரப் பனியாயிற்றே என்று இளகு மெழுகு போட்டதாகச் சொன்னான். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் ஒரு அடுக்கு.

"பழையதைச் சுரண்டிவிட்டுத்தானே?"

"இல்லை."

"ஏன்?"

"அடியில் இருப்பது நவாங் போட்டது."

அவள் பலகையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்தாள். மெழுகு அழுக்கைக் குடித்துக் கறுத்திருந்தது. அதன்மேல், மெழுகைப் பரப்பத் தக்கையால் தேய்த்த கோடுகள் மெலிசாகத் தெரிந்தன. வலக்கைக்காரன் தேய்த்தால் கோடு வலப்பக்கம் சாயும். இவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அந்த மடத்தில் இடக்கைக்காரன் ஒருவன்தான் இருந்தான்.

"மேலே இருக்கிற அடுக்கு யார் போட்டது?"

"நான்தான். நேற்றுச் சாயங்காலம்."

"கூட யாராவது இருந்தார்களா?"

"கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டேன்."

அவள் கத்தி முனையால் ஒரு ஓரத்தை நெம்பினாள். கீழ் அடுக்கிலும் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குக் கீழேயும் அப்படித்தான். எட்டிப் பார்த்த பல்தன் மேசையை விட்டு விலகி நின்றான்.

"இது என் கை இல்லை, அம்மா."

யாங்சென் வேறொரு பலகையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு மெழுகுக் கட்டியையும் தக்கையையும் பக்கத்தில் வைத்துவிட்டு, போடு என்றாள்.

போட்டான். தேய்த்தான். அறையில் தக்கையின் கீச்சு மட்டும் கேட்டது. வெளியே கூரையிலிருந்து ஈரப் பனி ஒரு பாளமாக வழுக்கி விழுந்தது. அவன் தலை தூக்கவில்லை.

"நிறுத்து. கையைப் பார்."

தக்கை அவன் இடக்கையில் இருந்தது.

வலக்கையால் சாப்பிடுகிறவன். வலக்கையால் முடிச்சுப் போடுகிறவன். கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்திருந்தான். நவாங் அப்படித்தான் பிடிப்பான். தக்கையைக் கீழே வைக்கப் பார்த்தான். விரல்கள் உடனே விரியவில்லை.

தக்கையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான். "அப்படியென்றால் சரிவில் என்னைப் பிடிப்பது அவன் இல்லையா?"

யாங்சென் அவனுடைய பலகையில் விரலை ஓட்டி, ஒட்டிய கரியைப் பார்த்தாள்.

"ஈரப் பனிக்கு மேலே இளகு மெழுகு. அது சரி. அழுக்குப் பனிக்கு அடியில் கெட்டி மெழுகு இருக்க வேண்டும். உன் பலகையில் அடியிலிருந்து மேல்வரைக்கும் இளகல்தான். தொட்டதை விடாது."

"கெட்டி மெழுகு போட வேண்டுமென்றால்?"

"கட்டை தெரிகிறவரை எடுக்க வேண்டும்."

அவள் இஸ்திரிப் பெட்டியில் தணல் அள்ளிப் போட்டுப் பலகைமேல் மெல்ல இழுத்தாள். மெழுகு உருகிக் கறுப்பாக வழிந்தது. கடைசி அடுக்கு இளகியபோது தேவதாரு எண்ணெய் வாசனை எழுந்தது. நவாங் மட்டும்தான் மெழுகில் அதைக் கலப்பான். யாரோ இப்போதுதான் வெளியிலிருந்து உள்ளே வந்த மாதிரி இருந்தது. பல்தன் கதவைப் பார்த்தான். கதவு சாத்தியே இருந்தது.

கெட்டி மெழுகை நான் போடுகிறேன், என் பலகைக்கு நீ போடு, காலையில் கூட வருவதும் நான்தான் என்று யாங்சென் சொன்னாள். சுரண்டும் தகட்டை அவன் பக்கம் தள்ளினாள். ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றாள்.

பல்தன் தக்கை பிடித்திருந்த இடக்கையைப் பார்த்தான். சும்மா இருந்த வலக்கையைப் பார்த்தான்.

"எந்தக் கையால் சுரண்டட்டும், அம்மா?"

"சுரண்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும்" என்றாள்.