எண்ணெய் உறையாமல், நெய் உருகாமல்

மலைமேல் ஒரு கோட்டை. எப்போது பார்த்தாலும் பனி, குளிர். அந்தக் கோட்டையை ஆண்ட மகிபால ராஜாவுக்கு வந்த ஆசையோ, வெயில் காயும் தென்தீவின் ஆற்று மீன்கள்மேல்! சிவப்பும் நீலமுமாகப் பத்து ஜோடி மீன்கள் கப்பலேறி, மலையேறி வந்து சேர்ந்தன. அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, அடியில் தணல் சட்டி வைத்து, காவலுக்கு ஆவுடையம்மையை அமர்த்தினார் ராஜா.

கவலைப்படுவதில் ஆவுடையம்மையை மிஞ்ச அரண்மனையில் ஆள் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று நாலு தரம் திரும்பி வந்து பார்ப்பாள். ஒரு தரம், அடுப்பே இல்லாத அறைக்கும் போய்ப் பார்த்தாள்.

மீன்கள் தின்றன, நீந்தின. முட்டை மட்டும் இடவில்லை.

காலையில் ராஜா வெந்நீரில் குளித்துவிட்டு நேரே வருவார். தொட்டியில் கை விடுவார்.

"அப்பா, என்ன குளிர்! தணலைக் கூட்டு!"

சற்று நேரத்தில் மந்திரி விருப்பாட்சி வருவார். பனியில் குதிரை ஓட்டி விரலெல்லாம் விறைத்திருக்கும். அவரும் கை விடுவார்.

"ஆவுடையம்மா, இது மீன் தொட்டியா, குழம்புச் சட்டியா? தணலை எடு!"

கூட்டுவாள். எடுப்பாள். பத்து ஜோடி ஆறு ஜோடி ஆயிற்று.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "அடுத்த பௌர்ணமிக்குள் குஞ்சு பொரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்!"

"என் மைத்துனன் சும்மாதான் இருக்கிறான், மகாராஜா" என்றார் மந்திரி, யாரும் கேட்காமலே.

மறுநாள் ஆவுடையம்மை தலைவார உட்கார்ந்தாள். தேங்காயெண்ணெய் குப்பிக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. "நீயும் என் உயிரை வாங்கு" என்று திட்டிக்கொண்டே அதை மடியில் இடுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் இளகி ஓடியது. திட்டுவதை நிறுத்திவிட்டுக் குப்பியையே பார்த்தாள்.

அன்றே மூன்று கிண்ணங்களோடு சபைக்குப் போனாள். ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், ஒன்றில் சுனை நீர், நடுவில் இரண்டும் கலந்த நீர்.

"மகாராஜா, வலது கை வெந்நீரில், இடது கை சுனை நீரில். நூறு எண்ணும்வரை."

எண்ணினார்கள்.

"இப்போது இரண்டு கையையும் நடுக்கிண்ணத்தில் வையுங்கள்."

ராஜா வைத்தார். முகம் கோணிற்று. "வலது கைக்குச் சில்லென்று இருக்கிறது... இடது கைக்குச் சுடுகிறதே!"

"தண்ணீர் ஒன்றுதான், மகாராஜா. ஒரு கை தணலைக் கூட்டு என்கிறது, மறு கை எடு என்கிறது. இரண்டும் அரசரின் கை. எந்தக் கையின் ஆணையை நான் மீறட்டும்?"

மந்திரி கனைத்தார். "கை வேண்டாமென்றால் மூக்கை விட்டா பார்ப்பது?"

ஆவுடையம்மை மடியிலிருந்து இரண்டு அத்தர் குப்பிகளை எடுத்தாள். "ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் நெய். இரண்டையும் தொட்டியில் மிதக்க விடுவோம். எண்ணெய் உறைந்தால் தணலைக் கூட்ட வேண்டும். நெய் உருகினால் எடுக்க வேண்டும். எண்ணெய் ஓட, நெய் உறைந்திருக்க, அதுதான் மீனுக்குச் சுகம். இவை குளித்துவிட்டும் வருவதில்லை, குதிரை ஏறியும் வருவதில்லை."

அப்படியே நடந்தது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு, தொட்டி முழுக்கக் கடுகு கடுகாகக் குஞ்சுகள் துள்ளின.

"கேள், ஆவுடை! என்ன பரிசு வேண்டும்?"

"தொட்டிக்கு ஒரு மூடியும் பூட்டும், மகாராஜா. இரை போடும் நேரம் தவிரச் சாவி தங்களிடமே இருக்கட்டும்."

ராஜா மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தார். "விருப்பாட்சியின் கைக்கு இவ்வளவு பயமா?"

ஆவுடையம்மை தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் கை நாளைக்கு ஒரு தரம்தான் உள்ளே போனது. தங்கள் கையும் ஒரு தரம்தான். 'சரியாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா' என்று என் கை நாற்பது தரம் போனது. குப்பி மிதக்கும்போதும் போகிறது, மகாராஜா. இன்று காலையிலேயே ஆறு தரம்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரிகூடச் சிரித்துவிட்டார். பூட்டும் வந்தது. அதோடு தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து அவளிடம் நீட்டினார் ராஜா.

"இந்தா. கையை இதற்குள்ளேயே வைத்துக்கொள்!"