முள்ளம்பன்றியின் அழுக்குப் புத்தகம்

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய புதரில், முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. அதற்குக் கர்வம் ஜாஸ்தி. இத்தனைக்கும் அதனிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம்.

ஆற்றில் எங்கே இறங்கினால் பத்திரமாகக் கரையேறலாம் என்று சொல்லும் புத்தகம் அது. அட்டை கிழிந்து, மூலை மடங்கி, பக்கமெல்லாம் சேறு. காட்டில் அதைக் கேட்டு வாங்கிப் போகாத மிருகம் இல்லை. "அச்சடித்த புத்தகம் என்றால் இதுதான் புத்தகம்" என்று முள்ளம்பன்றி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள் பலர்.

அதே காட்டில் இருந்த நரி, தட்டித் தட்டிப் படிக்கும் டேப் ஒன்று வைத்திருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. நரியிடம் அதெல்லாம் கேட்கக் கூடாது.

"நூறு புத்தகம் இதற்குள் அடக்கம். உன்னுடையதும் இருக்கிறது, ஒரு பொட்டு அழுக்கில்லாமல்" என்று அது முள்ளம்பன்றியைச் சீண்டும்.

ஒரு கோடையில் காட்டுத்தீ வந்து இக்கரைப் புல்லையெல்லாம் கருக்கிவிட்டது. மான் ஒன்று தன் குட்டியோடு ஆற்றங்கரைக்கு வந்தது. மேய்ச்சல் இல்லாததால் இரண்டு நாளாகக் குட்டிக்குக் கொடுக்கப் பால் இல்லை. அக்கரையிலோ புல் பச்சைப்பசேல் என்று தெரிந்தது.

"அண்ணே, எங்கே இறங்கலாம்? எனக்கு இருப்பது இந்த ஒரு குட்டிதான்" என்றது மான்.

முள்ளம்பன்றி புத்தகத்தை எடுப்பதற்குள் நரி முந்திக்கொண்டது. டேப்பில் நகத்தால் இரண்டு தட்டு தட்டியது.

"இதோ பார் தங்கச்சி. மருதமரத் துறை. தண்ணீர் முழங்கால் அளவுதான், குட்டிகளும் இறங்கலாம் என்று போட்டிருக்கிறது."

"என் புத்தகத்திலும் அதுதான் அச்சாகியிருக்கிறது" என்றது முள்ளம்பன்றி.

"பிறகென்ன? இரண்டும் ஒன்றுதானே" என்று நரி சிரித்தது.

"அதெப்படி ஒன்றாகும்? என் புத்தகத்தை வாங்கிப் போனவர்கள் சும்மா திருப்பித் தரவில்லை. ஆற்றில் என்ன பார்த்தார்களோ, அதைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதித் தந்திருக்கிறார்கள். நீயே படித்துப் பார், தங்கச்சி."

மான் குனிந்து பார்த்தது. மருதமரத் துறையைப் பற்றிய பக்கத்தின் ஓரத்தில், சேற்றைத் தொட்டு எழுதிய கோணல் எழுத்து இருந்தது.

'இங்கே முதலை வந்து குடியேறிவிட்டது. என் கடைசிக் குட்டி இங்கேதான் போயிற்று. யாரும் இறங்காதீர்கள். இப்படிக்கு, காட்டுப்பன்றி.'

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. 'மூங்கில் துறையில் கல் வழுக்கும். ஆனால் முதலை இல்லை. இப்படிக்கு, கடமான்.'

மான் குட்டியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

"அச்சில் இருப்பதை விட்டுவிட்டுப் பன்றியின் கிறுக்கலையா நம்புகிறாய்?" என்றது நரி.

"அதுவும் என்னைப் போல ஒரு தாய்தானே. குட்டியைப் பறிகொடுத்தவள் எதற்குப் பொய் எழுதப் போகிறாள்?" என்று சொல்லிவிட்டு மான் மூங்கில் துறைக்கு நடந்தது. வழுக்குக் கல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, குட்டியோடு அக்கரை ஏறியது.

நரிக்கு மூக்குடைபட்ட கோபம். வீம்புக்கென்றே டேப்பை வாயில் கவ்விக்கொண்டு மருதமரத் துறையில் இறங்கியது. நாலடிகூட வைக்கவில்லை, முதலை தலையைத் தூக்கிப் பாய்ந்தது. நரி டேப்பைப் போட்டுவிட்டு ஒரே தாவலில் கரையில் விழுந்தது. முதலை நூறு புத்தகத்தையும் ஒரே வாயில் படித்து முடித்தது.

சொட்டச் சொட்ட நனைந்த நரி, முள்ளம்பன்றியின் முன்னால் வந்து நின்றது.

"அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடு."

"எதற்கு? அழுக்காக இருக்குமே."

"எழுதத்தான்" என்றது நரி, தரையைப் பார்த்தபடி.

முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நீட்டியது. நரி அதைச் சேற்றில் தொட்டு, கடமானின் வரிக்குக் கீழே எழுதியது: 'பன்றியம்மா சொன்னது சத்தியம். நானே பார்த்தேன். இப்படிக்கு, நரி.'

அன்றிலிருந்து முள்ளம்பன்றியின் கர்வம் இரட்டிப்பாகிவிட்டது. அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

நீதி: பலர் கைபட்டு அழுக்கான புத்தகத்தை இளப்பமாக நினைக்காதே, அதை அச்சிட்டவருக்கும் தெரியாத உண்மை அதில் இருக்கும்.