சீமாட்டியின் குரலில் பேசிய கழுதைப்புலி

ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. மார்கழி பிறந்துவிட்டால் அந்தக் காட்டுக்குள்ளிருந்து பனி புகைபோல இறங்கி வரும். அது வரும்போது பறவைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். அந்தக் காட்டின் ஓரத்தில், முள்வேலிக்குள், மாராக்காள் என்பவள் ஒரு மாட்டுப்பட்டி வைத்திருந்தாள்.

பட்டியில் இரண்டு பசுக்கள். கறுப்பும் வெள்ளையுமாய் ஓங்கி நின்றவள் சீமாட்டி. கலப்பே இல்லாத சீமை இனம். அந்தக் கர்வம் அவள் நடையிலேயே தெரியும். இன்னொருத்தி செம்பி. அவள் தாய் மலைமாடு, தகப்பன் சீமைக் காளை. ஆள் சற்றுக் குட்டை. மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

இருவரும் ஒரே வாரத்தில் கன்று ஈன்றார்கள்.

செம்பி ஈன்ற சற்று நேரத்திலேயே கன்றை நக்கித் துடைத்தாள், தண்ணீர் குடித்தாள், தீவனம் கேட்டுக் கத்தினாள். சீமாட்டிக்கு அப்படி இல்லை. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. பின்னங்கால்கள் நடுங்கின. ஆனால் பால் மட்டும் செம்பியைவிட இரண்டு பங்கு சுரந்தது. மாராக்காள் பாலைப் பார்த்துப் பூரித்தாள், காலைப் பார்க்கவில்லை.

காலைப் பார்த்தது ஒரு கழுதைப்புலி.

பொழுது சாயும் நேரத்தில் அது வேலிக்கு வெளியே வந்து நின்றது. முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த அந்த உருவம், பனிக்குள் யாரோ குந்தி உட்கார்ந்து காத்திருப்பது போலத் தெரிந்தது. அதற்கு எதிலும் அவசரமே கிடையாது.

"கன்று ஈன்ற வாசனை காடு வரைக்கும் வந்தது. உடம்பு சுகம்தானா?" என்று மெதுவாகக் கேட்டது.

"எனக்கு ஒன்றுமில்லை. போ!" என்றாள் சீமாட்டி.

"அப்படித்தான் சொல்ல வேண்டும். உன் வம்சத்தில் யாராவது முடியவில்லை என்று படுத்ததுண்டா? நீ முனகினால் அந்தக் குட்டைப் பசு சிரிப்பாள். வேண்டுமானால் அந்த வடக்கு மூலையில் போய்ப் படுத்துக்கொள். அங்கே யார் கண்ணும் உன்மேல் படாது."

வடக்கு மூலையில் வேலி தளர்ந்து கிடந்தது. சீமாட்டி அதை யோசிக்கவில்லை. யோசனை நல்லதாகப் பட்டது. கன்றையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

செம்பி பின்னாலேயே வந்தாள். "உன் மேல் வரும் வாசனை சரியில்லை. தீவனமும் அப்படியே கிடக்கிறது. வாய்விட்டுக் கத்து, மாராக்காள் வருவாள்."

"மலைமாட்டுக்குப் பிறந்தவள் எனக்குப் புத்தி சொல்வதா? உன் பாலையும் என் பாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசு!"

"பால் எனக்குக் குறைவுதான். ஆனால் நான் காலில் நிற்கிறேன். நீ வேலிக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறாய்."

"எனக்கு ஒன்றுமில்லை. போ!"

வேலிக்கு அப்பால் கழுதைப்புலி தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதன் வாய், சத்தமில்லாமல், அதே சொற்களுக்கு அசைந்தது.

மறுநாள் வழக்கத்துக்கு முன்பே பனி இறங்கிவிட்டது. வடக்கு மூலையில் சீமாட்டி கால் மடங்கி விழுந்தாள். எழ முயன்றாள், கால்கள் அவளுடையவை போலவே இல்லை. கழுத்து தானாக விலாப்பக்கம் வளைந்தது. காதுகள் ஈரக் கல்லைப்போலக் குளிர்ந்தன. கத்த நினைத்தாள். மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை.

வேலி முள் மெல்ல விலகியது.

கழுதைப்புலி உள்ளே வந்தது. குனிந்து அவள் காதைத் தன் மூக்கால் தொட்டது. "குளிர்ந்துவிட்டது" என்று திருப்தியோடு சொன்னது. பின் கன்றுக்கு எதிரே உட்கார்ந்தது. கன்று "அம்மா" என்று ஒரே ஒரு முறை கத்தியது.

பட்டியின் மறுகோடியிலிருந்து செம்பி குரல் கொடுத்தாள். "சீமாட்டி! என்ன ஆயிற்று?"

சீமாட்டியின் வாய் திறக்கவில்லை. ஆனாலும் சீமாட்டியின் குரல் கேட்டது. கழுதைப்புலியின் தொண்டையிலிருந்து, பிசிறில்லாமல், அவளுடைய குரல்:

"எனக்கு ஒன்றுமில்லை. போ, அக்கா."

தன் குரல் தனக்கு வெளியே நின்று பேசுவதைச் சீமாட்டி கேட்டாள்.

செம்பி திரும்பி இரண்டடி வைத்தாள். சட்டென்று நின்றாள். 'அக்காவா? சீமாட்டி என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லையே!'

அடுத்த நொடி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பனிக்குள் பாய்ந்தாள். பட்டியே அதிரும்படி கதறினாள். கொம்பு பட்டு முள்வேலி சரிந்தது. கதறல் கேட்டு மாராக்காள் தடியோடு ஓடி வந்தாள். கழுதைப்புலி ஓடவில்லை. மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்த வழியே நடந்து பனிக்குள் கரைந்தது.

மாராக்காள் சீமாட்டியின் காதைத் தொட்டுப் பதறினாள். "ஐயோ, காதெல்லாம் சில்லுன்னு கெடக்குதே! இத்தனை பாலைக் கறந்தேன், உன்ற மொகத்தைப் பாக்கலியே கண்ணு!"

மாட்டு டாக்டர் வந்தார். "பால் காய்ச்சலுங்க. பேருதான் காய்ச்சல், உடம்பு சுடாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கையை மீறியிருக்கும்" என்று கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். உள்ளே தங்கிய கொடிக்கும் வைத்தியம் பார்த்தார்.

சீமாட்டி பிழைத்தாள். ஆனால் கர்ப்பப்பையில் பிடித்த சீழ் லேசில் விடவில்லை. அவள் தேறும் வரை அவள் கன்று செம்பியிடம்தான் பால் குடித்தது. மழைக்காலம் வந்தபோது செம்பி மறுபடி சினையாகியிருந்தாள். சீமாட்டிக்குச் சினை நிற்கவே இல்லை. சினை ஊசி போடப் போட வீணாயிற்று.

ஒரு நாள் மாராக்காள் டாக்டரிடம் சொன்னாள்: "அடுத்த வாட்டி இவளுக்கு மலைமாடு மாதிரி வேற இனத்து ஊசியைப் போடுங்க. பால் கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவால்ல. பொறக்கிற கன்னு தாயாட்டம் விழுந்து கெடக்கக் கூடாதுங்க."

முன்பென்றால் அந்தப் பேச்சுக்குச் சீமாட்டி தொட்டியை உதைத்திருப்பாள்.  அன்றோ டாக்டர் போனதும் செம்பியின் பக்கத்தில் வந்து, தலை தாழ்த்திக் கேட்டாள்:

"உன் அம்மா எப்படி இருப்பாள்? அந்த மலைமாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லேன்."

நீதி: குலப்பெருமைக்காக நோயை மறைப்பவர், தம் எதிரிக்குத் தாமே வழி திறந்து விடுகிறார்.